மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, பத்தில் ஒன்று

9.7.57, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். பூஜை விளக்கு துலக்கியாயிற்று. அரிசி புடைக்கவில்லை.

விடை கிடைத்துவிட்டது. இரண்டு! மூன்று மாதமாக மண்டையைக் குடைந்த கணக்கு. ஒன்று, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று... முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் எவ்வளவு? யாழ்ப்பாணத்து டீச்சர் கொடுத்தது. பத்திரிகைப் புதிர்ப் பக்கத்தால் வந்த பழக்கம், முகம் பார்த்ததில்லை. முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட, ஒரு டச்சுக்காரர் ஒரு ஜெர்மன்காரருக்கு வைத்த கணக்காம். அந்தக் காலத்தில் தேசம் விட்டுத் தேசம் கடிதம் போட்டு, விடையை மறைத்துக்கொண்டு, சவால் விடுவார்களாம்.

எல்லாவற்றையும் பாதியாக்கினால் போதும். ஒவ்வொன்றும் இரண்டு பின்னங்களின் வித்தியாசமாகிவிடுகிறது. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், கடைசியில் மிஞ்சுவது ஒன்று. இரட்டித்தால் இரண்டு.

எழுதி, உறையை ஒட்டி நிமிர்ந்தால் மணி மூன்று. ராகு காலம். இதிலா அனுப்புவது? நாளைக்கு.

10.7.57, புதன்

விடாத மழை. காஜா பெராங் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். தபாலாபீஸ் போகவில்லை.

மத்தியானம் இவர் கையில் டீச்சர் கடிதம். தபால் இவர் வேலை செய்யும் கடை விலாசத்துக்குத்தான் வரும். பிரிப்பதும் இவர்தான், கல்யாணமான நாளிலிருந்து.

"ஒரே பின்னமா இருக்கு சரசு. நல்லது கெட்டது ஒண்ணும் இல்ல."

முதல் வரி மட்டும் பார்த்தேன். 'நீர் இன்னும் எழுதவில்லை. இத்துடன் தீர்வை அனுப்புகிறேன்.' மடித்து இவரிடமே கொடுத்துவிட்டேன். இனி என் கடிதம் போனால், பார்த்து எழுதியது என்றுதானே நினைப்பார்? ஒட்டியபடி வந்திருந்தால் அப்படியே திருப்பியாவது அனுப்பியிருக்கலாம்.

11.7.57, வியாழன்

ரசத்தில் இரண்டு தடவை உப்பு. கை ஒன்றிலும் நிற்கவில்லை.

"நீயே போட்டேன்னு சத்தியம் பண்ணி எழுது. நான் சாட்சிக் கையெழுத்து போடுறேன்."

"இதென்ன நிலப் பத்திரமா?"

"அடுத்த மாசம் சுதந்திரம், ஊரே மெர்டேக்கா மெர்டேக்கான்னு கெடக்கு. உனக்கு இந்த ரெண்டுதான் கவலை."

கோபம். சிரிப்பும். அம்மனுக்குத் தெரியும். ஆனால் அம்மன் போய் டீச்சரிடம் சொல்லமாட்டாளே. நாலாம் வகுப்போடு நின்றவள் என்று நானே எழுதியிருக்கிறேன், அதுதான் பயம்.

12.7.57, வெள்ளி

வெயில். அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் கோபுரமாக அடுக்கியிருந்தது. மேலே ஒன்று, கீழே மூன்று, ஆறு, பத்து, பதினைந்து. மேலிருந்து சேர்த்து எண்ணினால் ஒன்று, நாலு, பத்து, இருபது, முப்பத்தைந்து. இவற்றைப் பின்னமாக்கிக் கூட்டினால்? கும்பிட்டேனா, ஞாபகமில்லை. மன்னித்துக்கொள் தாயே.

சாயங்காலத்துக்குள் அதுவும் விழுந்தது. அதே வழி, ஒரு படி மேலே. டீச்சர் தீர்வில் இது இல்லாவிட்டால் போதும், பார்த்து எழுதியது என்று சொல்ல முடியாதே.

"டீச்சர் கடிதத்துல முப்பத்தஞ்சில் ஒண்ணு எங்கயாச்சும் இருக்கா பாருங்க."

கண்ணாடி போட்டு, வரிவரியாக விரல் வைத்துத் தேடினார். "இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இல்லன்னா இல்ல. படிச்சுக் காட்டவா?"

"ஐயோ, வேணாம்!"

ஒட்டிய உறையைக் கிழித்து, என் கடிதத்தின் அடியில் எழுதினேன்: 'உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் பிரித்துவிட்டார். தீர்வை நான் படிக்கவில்லை. நம்புவது உங்கள் இஷ்டம். இனி என் முறை. ஒன்று, நாலில் ஒன்று, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, முப்பத்தைந்தில் ஒன்று, இப்படியே. கூட்டினால் எவ்வளவு?'

விடையை எழுதவில்லை.