திருடனுக்குப் போட்ட சலாம்

ஆம்பூர், 1931

பிரியமுள்ள அருளம்மாளுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீ எப்படியிருக்கிறாய்? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

ஒன்று சொல்கிறேன், பயப்படாதே, எனக்கு அடி எதுவும் படவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தோல் ஷாப்பு வேலை முடிந்து ரயிலடிப் பக்கம் வரும்போது ஒருவன் என் மூட்டையைப் பிடுங்கினான். கையில் என் சிலம்பக் கம்பு இருந்தது. ஒரு அடி போட்டிருந்தால் விழுந்திருப்பான். என் உடம்போ பழக்கதோஷத்தில், ஆட்டத்துக்கு முன்னால் பூமியைத் தொட்டுக் கும்பிடும் சலாம் வரிசையைப் போட ஆரம்பித்துவிட்டது. அதில் ஒரு பிசகும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவன் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டான்.

"இன்னாப்பா, திருடனுக்கு சலாம் போட்டு அனுப்பி வச்சிட்டியே!" என்றான் கூட வந்த வேலு. இப்போது ஷாப்பில் எல்லோரும் எனக்குச் சலாம் போடுகிறார்கள். ஊர்த் திருவிழாவில் கம்பு சுற்றி வாங்கிய கைதட்டலை நினைத்தாலே கூசுகிறது. உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே.

மூட்டையில் உனக்காக நானே தைத்த செருப்பு இருந்தது. உன் பாதத்தை நூலால் அளந்து மறுபடி அனுப்பு. நீ முன்பு அனுப்பிய அளவுநூலை, செருப்பைத் தைத்து முடித்த பிறகும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அதைச் செருப்புக்குள் வைத்துக் கட்டினேன்.

தபால்காரர் வந்துவிட்டார். நூலை மறந்துவிடாதே.

உன்
ஞானப்பிரகாசம்