தொடலாமா என்று கேட்கிறார்கள்

மச்சாள்,

புது உடுப்பைப் பொலித்தீன் பையிலிருந்து உருவும்போது ஒரு மணம் வருமே, அது இன்றைக்கும் என் மூக்கில் ஏறியது. ஒஸ்லோவில் நான் துப்புரவு வேலை செய்கிற மருத்துவமனையில், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கென்று தனி அறை இருக்கிறது. அலுமாரி நிறையப் புதுக் காற்சட்டை, மேற்சட்டை. போட்டுவந்ததைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "தொடலாமா?" என்று கேட்பார்களாம். தாதி சொன்னாள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அங்கே வருகிற பிள்ளைகள்மேல் எனக்குப் பொறாமை.

உம்மை நாங்கள் என்ன கேட்டோம்? காவலரணில் ஆமி மறித்துவைத்திருந்து விட்ட அன்று, உம்மைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனது நான். உம்முடைய அம்மா, என் மாமி, மஞ்சள் அரைத்துத் தந்தார். "தலைக்குத் தண்ணி வாரும் பிள்ளை, எல்லாம் போயிடும்" என்றார். "டொக்டரிட்டைக் கொண்டுபோங்கோ மச்சாள், நோகுது" என்று நீர் முகத்தைப் பொத்திக்கொண்டு கேட்டீர். நான் வாளி வாளியாக வார்த்தேன். உடுப்பை மாமி எரித்தார்.

ஆஸ்பத்திரிக்கு அதே காவலரணைத்தான் தாண்ட வேண்டும். உடம்பு நெருப்பாய்க் கொதித்த ஆறாம் நாள்தான் கொண்டுபோனோம். மாமி முந்திக்கொண்டு, "காய்ச்சல் ஐயா" என்றார். காய்ச்சலுக்குப் பனடோல் குளிசை தந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் நீர் இல்லை. என் மனுசன், உம்முடைய அண்ணர், இன்னும் காய்ச்சல் என்றே நம்புகிறார்.

இன்றைக்கு அந்த அறைக்கு வெளியே ஒரு தமிழ்த் தாய், மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்.

"எழும்படி. வீட்டை போய்த் தலைக்குக் குளி, பிறகு பாப்பம்."

"குளிக்கமாட்டன் அம்மா. நான் இஞ்சைதான் இருக்கப்போறன்."

என்னைக் கண்டதும் தாயின் குரல் இறங்கியது. "தமிழோ? ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

"சொன்னா எனக்கு வேலை போயிடும், பயப்பிடாதேங்கோ."

அப்போதும் அவர் இழுப்பதை விடவில்லை. துடைக்கிற தடியைச் சுவரில் சாத்தினேன்.

"தங்கச்சி, என்ரை மச்சாளுக்கு நான்தான் குளிக்க வார்த்தனான். ஒன்பது நாளிலை செத்துப்போனா. நோய் வருத்தம் தொத்தாமல், வயித்திலை தங்காமல் இவையிட்டைக் குளிசை இருக்கு. மூண்டு நாளுக்குள்ளை குடுக்கவேணும். விடுங்கோ பிள்ளையை."

இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொல்லாததை, பேர் தெரியாத ஒரு தாய்க்குச் சொன்னேன். அவர் மகளின் கையை விட்டார். பிள்ளை உள்ளே போனாள்.

நல்லது செய்தேன் என்று மனம் ஆறவில்லை, மச்சாள். கதவு சாத்துப்படுவதற்குள் அவளை வெளியே இழுத்துவிட்டு உம்மை உள்ளே தள்ள வேண்டும்போல் என் கை துடித்தது.