ஏசிக்கும் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்?

என்னங்க,

மத்தியானச் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்ட முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி, இதைப் படியுங்கள்.

நீங்கள் கடையைத் திறக்கப் போனதும், ஏசி குளிராத நம் புதுக் காரை சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டேன். பானட்டைத் திறந்த சூப்பர்வைசர், வெளி மெக்கானிக்கிடம் வயரை வெட்டி நீங்கள் போட்ட கூடுதல் லைட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வாரண்டி போச்சுக்கா. ஏசி செலவு உங்களோடதுதான்."

நேற்று நான் உங்களிடம் கத்தியதும் இதையேதான். ஆனால் வேறொருத்தர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"வயரிங் கெட்டா எங்க தலையில கட்டுங்க தம்பி. ஏசி குளிராததுக்கு லைட் எப்படிக் காரணம்? காட்டுங்க, பேசாம போயிடறேன்."

மனுஷன் குனிந்து குடைந்து பார்த்தார். கம்பெனி மாட்டிய குழாயிலேயே கேஸ் கசிவு!

"இது எங்க தப்புதான்க்கா," என்று சிரித்துவிட்டார். ஏசி இலவசம். வயரிங்குக்கு மட்டும் இனி வாரண்டி கிடையாதாம்; அதற்கு உங்களைத் தனியாகத் திட்டுவேன்.

சாயங்காலம் வண்டியை நீங்களே எடுத்து வாருங்கள். சர்வீஸ் சென்டர் சீட்டு ஃப்ரிட்ஜ் மேலே. நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன்.

சொல்ல விட்டுப்போச்சு: வழியில் சுரங்கப்பாதையில் அந்த லைட்டைப் போட்டுப் பார்த்தேன். ஜம்மென்று இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நேற்று என் பக்கம் பேசி, உங்களைத் திட்டித் திட்டி, பாவம், தொண்டையே கட்டிவிட்டது அவருக்கு.