ஒன்பதாம் லெவல் மரவட்டை

என் ஆசை அண்ணாவுக்கு,

நீ மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் இறங்கித் திரும்பாமல் ஆறு வருஷம் ஆகிறது. உன் மரவட்டையைப் பற்றி மியூசியத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று எனக்கே புரியவில்லை. அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்.

பூச்சி சேர்க்கும் பழைய துரைக்காகப் பிடித்து, சாராயப் புட்டியில் ஊறப்போட்டு வைப்பாயே? உனக்கு எழுத்து வராது, புட்டியில் ஒட்டும் சீட்டை எழுதியது நான். "எங்க புட்ச?" என்றால், "ஒம்பதாம் லெவலு, எழுது" என்பாய். சுரங்கத்தின் ஒன்பதாவது ஆழத்தட்டு என்று நினைத்து அப்படியே எழுதினேன். வெளுத்த உடம்பையும் அந்தச் சீட்டையும் பார்த்து, சுரங்கத்துக்குள் வாழும் தனி இனம் என்று முடிவு கட்டிய துரை, அதற்கு முனிசாமி என்ற உன் பெயரையே வைத்தார். ஆண்டர்சன்பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது புது துரை ஒருவர் பழைய புட்டிகளைத் திறந்து பார்க்கிறாராம். வெளுப்பு சாராயம் செய்த வேலை, கால்களைப் பார்த்தால் சாதாரணக் காட்டு மரவட்டைதான் என்கிறார். ஆனால் என் சீட்டு குறுக்கே நிற்கிறது. நிஜமாகவே கீழேதான் கிடைத்ததா என்று கேட்கிறார். ஆமாம் என்று எழுதினால் உன் பெயர் நிற்கும், இல்லையென்றால் அது பழைய இனம்தான் என்று உன் பெயரை எடுத்துவிடுவார்கள்.

உன்னோடு சுரங்கத்தில் கூரை சரியாமல் மரமுட்டு வைத்த மாணிக்கம் அண்ணனைக் கேட்டேன். சிரித்தே விட்டார்.

"கீழ ஏதும்மா மரவட்ட? அதெல்லாம் முட்டு குடுக்கக் காட்லருந்து வந்த கட்டைங்கள்ல இருந்தது. எந்த லெவலுக்குப் போவணுமோ அந்த நம்பர மேலயே கட்டைல சுண்ணாம்புல போட்ருவாங்க. எறக்கறதுக்கு முன்ன ஒங்கண்ணன் கட்டைலருந்து பொறுக்குவான். அதுல இன்னா நம்பரோ அதத்தான் சொல்லிருப்பான்."

நீ பொய் சொல்லவில்லை. உங்கள் வழக்கத்தில் கட்டைக்கு அது போகப்போகிற லெவல்தான் ஊர். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காதது நான்தான். படித்தவள் என்ற திமிர் வேறு எனக்கு.

இரண்டு நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒன்பதாம் லெவல் சரிந்தபோது உன் உடம்புகூடக் கிடைக்கவில்லை. உன் பெயர் எழுதிய கல் எங்கும் கிடையாது, அந்தப் புட்டி ஒன்றுதான். அதையும் என் கையாலேயே அழிக்கவா? நீ இருந்தால் "போவுது வுடு" என்பாயா, கோபித்துக்கொள்வாயா?

உள்ளதை எழுதிவிட்டேன், அண்ணா. மேலே, கட்டையில் கிடைத்தது என்று. புதுச் சீட்டில் பிடித்தவர் முனிசாமி என்று சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செய்வார்களோ, மாட்டார்களோ.

ஒன்பதாம் லெவலில் இருப்பது மரவட்டை இல்லை, நீதான். இனி யார் வந்து கேட்டாலும் அதை என் கையால் எழுதிக் கொடுப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
எல்லம்மா