மேடையில் கொடுத்த படம்

வெக்ஸ்போர்ட்
21.10.1996

இஞ்சாருங்கோ,

“அதைக் கொடுக்காதேங்கோ” என்று நேற்று மேடையில் நான் சொல்லவில்லை. ஊர்ச்சங்கத் தலைவரின் மனைவி முந்நூறு பேருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றேன்.

பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு, என் அறையிலிருந்து கேட்காமல் எடுத்து வந்த படத்தைச் “சங்கத்தின் அன்பளிப்பு” என்று நீட்டினீர்கள். மூலையில் நான் வைத்த கையெழுத்தின் மேல் சங்கத்தின் இலச்சினையை ஒட்டியிருந்தீர்கள்.

அந்தப் படத்தில் இருப்பது என் அக்கா. போன வருடம் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது வழியிலேயே செத்துப்போனவள். அவளுடைய புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நினைவிலிருந்து வரைந்து அந்த மூக்கைப் பிடிக்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதமும் அறை வாசலில் நின்று தேத்தண்ணி கேட்டீர்கள். இவள் யார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

காரில் வரும்போது சொன்னீர்கள்: “இன்னொண்டு கீறுமன், உமக்கென்ன கஷ்டமே?”



இன்று நீங்கள் வேலைக்குப் போனபின் பஸ் எடுத்து மிசிசாகாவில் அந்த விருந்தினர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். படத்தைத் திருப்பிக் கேட்டேன்.

“உது ஆற்ற முகம், பிள்ளை?”

“என்ர அக்கா, அன்ரி. நான்தான் கீறினனான்.”

அவர் இலச்சினையை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் படத்தைத் தந்தார்.

இப்போது படமும் நானும் என் சிநேகிதி கௌசி வீட்டில் இருக்கிறோம்.

இப்படிக்கு,
படத்தைக் கீறினவள்