வெயிலோடு பகைத்த கால்கள்

அம்மா,

பக்கத்துக் காம்பிராவில், சுவருக்கு அந்தப்புறத்து வீட்டில், யூகலிப்டஸ் இலை கொதிக்கிறது. அந்த வாடை சுவரைத் தாண்டி வந்ததும் உன் கால்கள்தான் நினைவுக்கு வந்தன. கொதிக்க வைப்பது சித்தி, உன் தங்கை. இந்த முறை அவளுக்காகவே. சில நாட்களாக அவளுக்கு ஒரு கண்ணில் வலி. தேயிலைக் கொழுந்தெல்லாம் சாயம் போன மாதிரித் தெரிகிறதாம். நேற்றிலிருந்து கால் விரல்களும் மரத்துப்போயிருக்கின்றன. "குளிருதான்" என்கிறாள். உனக்கும் அதையேதான் சொன்னாள். இந்த மலையில் எந்த வலி வந்தாலும் பழி குளிர்மேல்தான்.

காலைப் பனியில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நீ எல்லோருக்கும் முன்னால் நடந்து போவாய். மலையில் வெயில் ஏறியதும் கால் தள்ளாடும். கூடையோடு உட்கார்ந்துவிடுவாய். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு விடமாட்டார்.

"காலையில குதிரை மாதிரி வந்த. கொழுந்து எடுக்கச் சொன்னா மட்டும் காலு வராதோ?"

"என் காலுக்கும் சூரியனுக்கும்தாங்க பகை. நமக்குள்ள ஒண்ணுமில்லீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வேடிக்கையாகச் சொன்னதால்தான் ஒருவரும் நம்பவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

மாலையில் சித்தி இந்த இலை கொதித்த சுடுதண்ணீரை உன்மேல் ஊற்றுவாள். "வேணாம்டி, காலு கரைஞ்சு போற மாதிரி இருக்கு" என்பாய். "ஏறுன குளிரு எறங்குதுக்கா, பொறு" என்று அவள் இன்னொரு வாளி ஊற்றுவாள். குளித்து முடித்ததும் உன்னால் எழ முடியாது. நாங்கள் இருவரும் தூக்கி வருவோம். டவுன் டாக்டரிடம் முதல் பஸ்ஸில், குளிரில் போனோம். அவர் முன்னால் நீ அழகாக நடந்து காட்டினாய். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தோட்டத்து மருந்து கொடுப்பவரிடம் நானே வாய் திறந்து, "சூடு பட்டா தள்ளாட்டம் கூடுதுங்க" என்றேன். "அப்ப ஐஸ்ல படுக்க வைங்க" என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை. உன்னைத் தூக்க ஆள் வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடமும் நின்றது. கடைசியில் நெஞ்சில் சளி கட்டி நீ போய்விட்டாய்.

போன மாதம் கொழுந்து எடுத்துக்கொண்டே செல்போனில் ஒரு பெண் விஞ்ஞானியின் தமிழ்ப் பேட்டியைக் கேட்டேன். நரம்புகளில் வரும் அழற்சியை ஆராய்கிறவர். அடிபட்ட விரல் சிவந்து வீங்குவது போல மூளையிலும் முதுகுத் தண்டிலும் நடக்குமாம். நம் உடம்பைக் காக்க வேண்டிய செல்களே நரம்பின் மேலுறையை அரித்துவிடுமாம். மூளையில் காவல் இருக்கும் செல்கள் வேலை முடிந்த பிறகும் ஏன் அடங்குவதில்லை என்றுதான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். சிலருக்கு முதலில் ஒரு கண் மங்கும், சிலருக்குக் கால் மரக்கும் என்றார். பிறகு, போகிற போக்கில், "உடல் சூடானால் இந்தத் தொல்லைகள் கொஞ்ச நேரத்துக்குக் கூடும். சூடு நோயை உண்டாக்குவதில்லை" என்றார்.

கொழுந்துக் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். உன்னைப் பார்க்காமலே ஒருவர் உன்னை நம்பியிருக்கிறார். ஆனால் அம்மா, எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கும்போது நாம் ஏன் இலையைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தோம்? உனக்கு வந்தது அதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த விஞ்ஞானியாலும் முடியாது. முழுக்கக் குணமாக்க எவ்வளவு காலமாகும் என்று கேட்டதற்கு, "தெரியாது" என்றார். அந்த நேர்மைகூட எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

இதுவரை எழுதிவிட்டு, சற்று முன் சித்தி வீட்டுக்குப் போனேன். அடுப்பிலிருந்த பானையைத் தூக்கி வாசல் சாக்கடைக் கானில் கொட்டினேன்.

"அடியே, பைத்தியமா ஒனக்கு?"

"நாளைக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போறோம் சித்தி. அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திச்சு."

"ஊமைக்கு வாய் வந்திருச்சு பாரு! நாளைக்கு வேலைக்கு யாரு போறது?"

வரமாட்டேன் என்றுதான் இன்னும் சொல்கிறாள். ஆனாலும் நல்ல சேலையை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

டாக்டர் கேட்டால் சித்தி ஒன்றுமில்லை என்பாள். நான்தான் பேச வேண்டும். டாக்டர் சிங்களவராக இருக்கலாம் என்று சிங்களத்திலும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் உன்னைப் பற்றிச் சொல்வேன், நீ சொன்ன மாதிரியே: காலு கரைஞ்சு போற மாதிரி இருக்கு. அவர் சிரித்தால், இன்னொரு முறை சொல்வேன்.