கேதத்துக்கு வந்த கென்யாக்காரர்

என் ஆசை அண்ணே,

மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனபின் ஏலத்தோட்டத்தில் இரண்டு காயெடுப்பு முடிந்துவிட்டது. அம்மா மறுபடியும் ஜீப்பில் மலையேறிக் காயெடுக்கப் போகிறாள். வேண்டாமென்றால் கேட்டால்தானே? "வீட்டுல கெடந்து என்ன செய்ய?" என்கிறாள்.

பெங்களூரு கம்பெனியில் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அங்கே நீ இத்தனை வருஷம் எழுதிய எதிலும் உன் பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதினாயே, அந்தச் சின்ன மென்பொருளில்தான் இருக்கிறது. மலையில் அம்மாவுக்குச் சிக்னல் கிடைக்காமல் நீ தவித்த தவிப்பில் பிறந்தது அது. அனுப்பிய செய்தியைப் பத்திரமாக வைத்திருந்து, சிக்னல் வந்ததும் சேர்த்துவிடும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்டாய். ஆனால் திருத்தங்களை ஏற்கும் உரிமையை மட்டும் உன்னிடமே வைத்திருந்தாய். நீ போனபின் அதில் ஒரு பழுது. எங்கெங்கோ இருப்பவர்களின் செய்திகள் போய்ச் சேரவில்லை.

உன்னோடு சேர்ந்து எழுதிய கென்யாக்காரர் ஜோசப், பொறுப்பைத் தன்னிடம் தர முடியுமா என்று கேட்டார். அதை மாற்றிக்கொடுக்க உன் லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது. அம்மாதான் விடவில்லை.

"எம்புள்ள பேருல மிஞ்சுனது அது ஒண்ணுதான். அதையும் ஊரான் கையில குடுக்கவா?"

அவளைக் குறை சொல்ல முடியுமா, அண்ணே?

ஜோசப் கோபப்படவில்லை. முதலில் அம்மாவிடம் துக்கம் கேட்க வேண்டும் என்று வீடியோவில் வந்தார். அவர் பேச்சு இவளுக்குப் புரியாது, இவள் பேச்சு அவருக்கு. இரண்டு பேரும் உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். கடைசியில் அவர், நீ எப்போதோ சொல்லிக்கொடுத்த தமிழில், "அம்மா, போயிட்டு வர்றேன்" என்றார்.

அம்மா பதறிவிட்டாள். "ஆத்தாடி! கேத வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு அவன்ட்டச் சொல்லு!"

விளக்கினேன். அவர் முகம் வாடிப்போயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்துவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

அம்மா வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொந்தக்காரன் மாதிரியே வந்துட்டுப் போறான். வெரசா அவன்ட்டயே குடுத்துரு" என்றாள்.

கொடுத்துவிட்டேன். பழுது சரியாகிவிட்டது. உன் பெயர்தான் இன்னும் முதலில் இருக்கிறது.

இப்போது யாரோ ஒருவர், நீ இருப்பதாக நினைத்து உனக்கு நன்றி எழுதியிருக்கிறார். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார். வீட்டு ஆள் சொல்ல வேண்டிய பதில் என்று ஜோசப் அதை எனக்கு விட்டுவைத்திருக்கிறார். நானும் எழுதத்தான் உட்காருகிறேன். 'என் அண்ணன்' என்பதற்கு மேல் வரவில்லை. நம் போடியில் நீ போய்விட்டதை யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

நாளைக்கு எழுதிவிடுகிறேன், அண்ணே. இனி உன்னைத் தேடி வரும் யாரையும் பதில் இல்லாமல் காக்க வைக்க மாட்டேன். நீ இல்லை என்று அவர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி மல்லிகா